சிறு நிறுவனங்களில் சம்பளப் பட்டியல் மோசடியைத் தடுப்பது: படிப்படியான முழு வழிகாட்டி

சம்பளப் பட்டியலில் நடக்கும் மோசடி பெரும்பாலும் கூட்டல் பிழையாகத் தெரிவதில்லை. பட்டியல் உரிமையாளரின் மேசைக்கு வரும்போது கணக்கு சரியாகவே இருக்கும். ஒரு பெயர் சேர்க்கப்பட்டபோதோ, ஒருவரின் சம்பள விகிதம் திருத்தப்பட்டபோதோ, ஒரு வங்கிக் கணக்கு எண் மாற்றப்பட்டபோதோ தவறு அதற்கு முன்பே உள்ளே நுழைந்திருக்கும். ஆகவே மொத்தத் தொகையைப் பார்த்துக் கையெழுத்திடுவதில் செலவழிக்கும் நேரத்தைச் சென்ற மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் இடையே என்னென்ன மாறின என்று பார்ப்பதில் செலவழிக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த ஒரு நோக்கத்தைச் சுற்றியே அமைந்துள்ளன. ஐந்து பேர் முதல் ஐம்பது அறுபது பேர் வரை வேலை செய்யும், கணக்குப் பிரிவில் ஒருவரோ இருவரோ மட்டுமே உள்ள நிறுவனங்களை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், நிறுவனத்தின் வங்கிக் கணக்கை உரிமையாளர் தம் சொந்தப் பயனர்பெயரில் திறந்து பார்க்க முடிய வேண்டும். சம்பளம் போடுபவர் தரவிறக்கி அச்சிட்டுத் தரும் வங்கி அறிக்கை இதற்கு ஈடாகாது. பிடிஎஃப் கோப்பில் ஒரு வரியை மாற்றுவது இன்று யாருக்கும் எளிது.

அடுத்து, சம்பள மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைக் குறித்துவைக்கும் ஆடிட் லாக் வசதி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பல மென்பொருள்களில் இது இருந்தும் அணைக்கப்பட்டிருக்கும். அல்லது எல்லோரும் ஒரே ‘அட்மின்’ கடவுச்சொல்லைப் பயன்படுத்துவதால், பதிவில் ஒரே பெயர் மட்டுமே வந்துகொண்டிருக்கும். ஆளுக்கொரு பயனர்பெயர் கொடுக்காமல் அடுத்த படிகளைத் தொடங்குவது வீண்.

ஒவ்வொரு பணியாளரின் நியமனக் கடிதமும், கடைசியாகக் கையெழுத்திட்ட சம்பள உயர்வுக் கடிதமும் உரிமையாளரின் பொறுப்பில், சம்பளம் போடுபவர் மாற்ற முடியாத இடத்தில் இருக்க வேண்டும். கடைசியாக, தேதிகள் தேவை: வருகைப் பதிவு முடியும் நாள், மாற்றங்களை ஏற்கும் கடைசி நாள், பட்டியல் சரிபார்க்கும் நாள், பணம் போகும் நாள். சரிபார்ப்புக்கும் பணம் போவதற்கும் இடையே குறைந்தது ஒரு முழு வேலை நாள் இருக்கட்டும். இடைவெளி இல்லையென்றால், கேள்வி எழுந்தாலும் ‘எல்லோரும் காத்திருக்கிறார்கள், இந்த மாதம் விட்டுவிடுவோம்’ என்பதில்தான் அது முடியும்.

1. சம்பளம் கடந்துவரும் பாதையை ஒரு தாளில் எழுதுதல்

ஒருவர் வேலைக்குச் சேரும் நாளில் தொடங்கி அவருடைய கணக்கில் பணம் விழும் வரை எத்தனை கைகள் மாறுகின்றன என்பதை எழுதுங்கள். பெயரைச் சேர்ப்பவர் யார், விகிதத்தை உள்ளிடுபவர் யார், வருகையைச் சரிபார்ப்பவர் யார், வங்கிக் கோப்பைத் தயாரிப்பவர் யார், பணத்தை விடுவிப்பவர் யார், பிறகு வங்கி அறிக்கையோடு ஒப்பிடுபவர் யார் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே பதவியை எழுதாமல் ஆளின் பெயரையே எழுத வேண்டும். ‘கணக்குப் பிரிவு’ என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. அதே பெயர் ஆறு வரிகளில் ஐந்து முறை வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் சிக்கல் புரியும்.

நடைமுறை எப்படி இருக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டு, சென்ற மாதம் உண்மையில் எப்படி நடந்தது என்பதை எழுத வேண்டும். புதியவர்கள் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள்: விதிப்படி ஒப்புதல் தருபவர் மேலாளர், ஆனால் அவர் தம் கடவுச்சொல்லைக் கணக்காளரிடமே கொடுத்துவைத்திருக்கிறார் என்றால், தாளில் எழுத வேண்டியது கணக்காளரின் பெயர்.

2. மூன்று அதிகாரங்களைப் பிரித்தல்

பெரிய நிறுவனங்கள் ஆறு வேலைகளுக்கு ஆறு பேரை வைக்கலாம். சிறு நிறுவனத்தில் அது நடக்காது. நடக்கத் தேவையும் இல்லை. மூன்றே மூன்று அதிகாரங்கள் ஒரே கையில் சேராமல் பார்த்துக்கொண்டால் போதும்: பணியாளர் விவரத்தைச் சேர்க்கவும் மாற்றவும் உள்ள அதிகாரம், சம்பளத்தைக் கணக்கிடும் அதிகாரம், வங்கியிலிருந்து பணத்தை விடுவிக்கும் அதிகாரம்.

முதலாவதும் மூன்றாவதும் ஒருவரிடமே இருந்தால், அவர் இல்லாத ஆளை உருவாக்கி அவருக்குப் பணமும் அனுப்பிவிட முடியும். ஆகவே ஆள் பற்றாக்குறையால் எதையாவது சேர்த்தே ஆக வேண்டுமென்றால், கணக்கிடும் வேலையை மற்ற இரண்டில் ஒன்றோடு சேருங்கள். அந்த இரண்டையும் மட்டும் ஒன்று சேர்க்காதீர்கள்.

கணக்காளர் ஒருவரே உள்ள இடத்தில் எளிய ஏற்பாடு இது: கணக்காளர் கணக்கிடுவார், கோப்பைத் தயாரித்து வங்கித் தளத்தில் ஏற்றுவார், பணியாளர் விவர மாற்றங்களுக்கு ஒப்புதல் தருவதும், வங்கியில் பணத்தை விடுவிப்பதும் உரிமையாளரின் வேலை (பணம் அவருடையது என்பதால், மேலே சொன்ன தடை அவருக்குப் பொருந்தாது). வணிகக் கணக்குகளுக்கு ஏற்றுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் மற்றொருவர் என்ற இரட்டை அனுமதியைப் பல வங்கிகள் வழங்குகின்றன. அதைக் கேட்டுப் பெறுங்கள். பெற்ற பிறகு ஓடிபி எண்ணைத் தொலைபேசியில் கணக்காளருக்குச் சொல்லிவிட்டால் அந்த ஏற்பாட்டுக்குப் பொருளே இல்லை. உரிமையாளர்கள் அலட்சியமாகச் செய்யும் தவறுகளில் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

இந்தப் பிரிவினையை அறிவிக்கும்போது, கணக்காளர் மீது சந்தேகம் என்ற எண்ணம் வராதவாறு சொல்ல வேண்டும். உண்மையில் அது அவருக்கும் பாதுகாப்பே. எல்லா அதிகாரமும் ஒருவரிடமே இருக்கும் இடத்தில் பணம் குறைந்தால், செய்யாத குற்றத்துக்கும் அவரால் தம்மை நிரூபித்துக்கொள்ள முடியாது.

3. ஏற்கெனவே உள்ள பட்டியலைச் சுத்தம் செய்தல்

புதிய கட்டுப்பாடுகளை நடைமுறைப்படுத்துவதற்கு முன் இதைச் செய்தாக வேண்டும். வரிசை மாறினால், பட்டியலில் ஏற்கெனவே உள்ள போலிப் பெயர் ‘சென்ற மாதமும் இருந்தது’ என்ற ஒரே காரணத்தால் ஒவ்வொரு மாதமும் சரிபார்ப்பில் தேறிவிடும்.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஒரு முகத்தோடு பொருத்துங்கள். சம்பளம் போடுபவரை விட்டுவிட்டு, வேலை நடக்கும் இடத்தை அறிந்த மேற்பார்வையாளர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு உரிமையாளரே இதைச் செய்ய வேண்டும். ஆனால் தினக்கூலிக்கு ஆட்களைச் சேர்க்கும் உரிமை அந்த மேற்பார்வையாளரிடமே இருந்தால், அவருடைய பிரிவை வேறொருவரோடு சரிபார்க்க வேண்டும். இல்லாத ஆட்களைச் சேர்ப்பது கணக்குப் பிரிவில் மட்டுமே நடப்பதில்லை, வேலைத்தளத்திலும் நடக்கும்.

போலிப் பணியாளர் என்றவுடன் கற்பனைப் பெயர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதைவிட எளிது, வேலையை விட்டுப் போனவரை இரண்டு மூன்று மாதம் பட்டியலிலேயே வைத்திருந்து, வங்கிக் கணக்கை மட்டும் மாற்றுவது. அவருடைய கோப்பு, கையெழுத்து, அடையாளச் சான்று எல்லாம் உண்மையானவை என்பதால் காகிதச் சரிபார்ப்பில் அவர் சிக்க மாட்டார். எனவே கடந்த ஓராண்டில் விலகியவர்களின் பட்டியலைத் தனியாகத் தயாரித்து, ஒவ்வொருவருக்கும் கடைசிச் சம்பளம் எந்த மாதம் போனது என்று பாருங்கள்.

பிறகு வங்கிக் கணக்கு எண், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகிய மூன்றிலும் இரட்டைகளைத் தேடுங்கள். எக்செல்லில் இதைச் செய்பவர்கள் ஒரு சிக்கலைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகவே ஒட்டினால் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும், எண்ணின் தொடக்கத்தில் பூஜ்ஜியம் இருந்தால் அதுவும் காணாமல் போகும். ஆகவே ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும், இரட்டைகளை எண்ணப் பயன்படும் கவுண்ட்இஃப் சார்பு அந்த எழுத்துத்தொடரை மறுபடி எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் முதல் 15 இலக்கங்கள் ஒத்திருந்து கடைசி இலக்கம் மட்டும் வேறுபடும் இரு கணக்குகளையும் ஒன்று என்று காட்டிவிடும். ஒரே கிளையில் ஒன்றாகச் சென்று கணக்குத் தொடங்கியவர்களின் எண்கள் இப்படித்தான் அடுத்தடுத்து இருக்கும். தேடும் மதிப்பின் இறுதியில் ஒரு நட்சத்திரக் குறியை இணைத்தால் ஒப்பீடு எழுத்தாகவே நடக்கும், பொய் எச்சரிக்கை வராது.

இரட்டை கிடைத்தவுடன் குற்றம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் வேலை செய்து கூட்டுக் கணக்கு வைத்திருக்கலாம். காரணத்தைக் கேட்டு, எழுதி, கோப்பில் வையுங்கள். அதுபோலவே விடுப்பே எடுக்காத, முன்பணம் வாங்காத, வரியோ வேறு பிடித்தமோ இல்லாத பெயர்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். பிடித்தம் என்றால் அரசுப் பதிவில் தடம் விழும் என்பதால் போலிப் பெயர்களை உருவாக்குபவர்கள் அதைத் தவிர்ப்பார்கள்.

இங்கே உரிமையாளருக்கும் ஒரு சொல். வேலைக்கே வராத உறவினர் ஒருவரின் பெயரைத் தாமே பட்டியலில் வைத்திருக்கும் உரிமையாளர் சிலர் உண்டு. வரிச் சட்டத்தின் பார்வையில் அது என்ன ஆகும் என்பது ஒருபுறம் இருக்க, வராதவருக்கும் இங்கே சம்பளம் போகும் என்பதைக் கணக்காளர் அதிலிருந்து கற்றுக்கொள்கிறார். அந்தப் பெயரை முதலில் நீக்குங்கள்.

4. மாற்றங்கள் அனைத்தும் ஒரே படிவத்தின் வழியாக வருதல்

சேர்தல், விலகல், விகித மாற்றம், வங்கிக் கணக்கு மாற்றம், ஒருமுறை மட்டும் தரும் ஊக்கத்தொகை அல்லது கமிஷன், முன்பணம் ஆகிய அனைத்துக்கும் ஒரே ஒரு பக்கப் படிவம் போதும். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, நடைமுறைக்கு வரும் தேதி, கேட்டவர், ஒப்புதல் தந்தவர் என்ற ஐந்து விவரங்கள் அதில் இருக்க வேண்டும். பழைய மதிப்பைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் உயர்வு எவ்வளவு என்பது கையெழுத்திடுபவரின் கண்ணில் படாது.

ஒவ்வொரு படிவத்துக்கும் வரிசை எண் கொடுங்கள். மாதக் கடைசியில் மென்பொருளின் மாற்றப் பதிவை உரிமையாளரே எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு படிவம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எப்போதும் பதிவிலிருந்து படிவத்துக்குப் போகும் திசையிலேயே சரிபார்க்க வேண்டும். படிவத்தை வைத்துக்கொண்டு பதிவைத் தேடினால், படிவமே இல்லாமல் செய்யப்பட்ட மாற்றம் ஒருநாளும் தென்படாது.

விலகல் படிவம்தான் அதிகம் தவறவிடப்படுவது. ஒருவர் சேரும்போது சம்பளம் வாங்க அவரே வந்து நிற்பார்; போனவரை நினைவூட்ட யாரும் வருவதில்லை. அடையாள அட்டையைத் திருப்பி வாங்குவது, மின்னஞ்சலை மூடுவது, பட்டியலிலிருந்து நீக்குவது ஆகிய மூன்றையும் ஒரே தாளில் கட்டிவைத்தால் ஒன்று நடக்கும்போது மற்றவையும் நடக்கும்.

5. வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லி வரும் கோரிக்கை

இதை மட்டும் தனிப் படியாக வைப்பதற்குக் காரணம், இந்த மோசடி பெரும்பாலும் வெளியாரிடமிருந்து வருகிறது. பணியாளரின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வரும்: ‘வங்கியை மாற்றிவிட்டேன், இந்த மாதச் சம்பளத்தைக் கீழ்க்கண்ட கணக்கில் போடவும்.’ பெயர் சரியாக இருக்கும், நடையும் பணிவாக இருக்கும். அனுப்பிய முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியலாம். பணியாளரின் கடவுச்சொல்லே திருடப்பட்டிருந்தால் அதுவும் தெரியாது.

அமெரிக்காவின் எஃப்பிஐயைச் சேர்ந்த இணையக் குற்றப் புகார் மையம் 2018 செப்டம்பரிலேயே இதைப் பற்றிப் பொது எச்சரிக்கை வெளியிட்டது. திருடிய கடவுச்சொல்லால் பணியாளரின் சம்பளக் கணக்குக்குள் நுழைபவர்கள், வங்கி விவரத்தை மாற்றுவதோடு, அந்த மாற்றம் குறித்த அறிவிப்பு அஞ்சல்கள் உரியவருக்குத் தெரியாமல் போகும்படி விதிகளையும் அமைத்துவிடுகிறார்கள் என்று அதில் கூறப்பட்டிருந்தது. ஆகவே ‘மாற்றினால் மின்னஞ்சல் போகும்’ என்ற ஏற்பாட்டை மட்டும் நம்பியிருக்க முடியாது.

செய்ய வேண்டியது எளிது. கோரிக்கை எந்த வழியில் வந்தாலும், நியமனக் கோப்பில் உள்ள பழைய எண்ணுக்கு நீங்களே தொலைபேசியில் அழைத்து, அல்லது நேரில் பார்த்து, உறுதிசெய்ய வேண்டும். கோரிக்கை அஞ்சலிலேயே கொடுக்கப்பட்டுள்ள எண்ணை அழைக்கக் கூடாது. அஞ்சலுக்குப் பதில் எழுதி உறுதி கேட்கவும் கூடாது, அந்தப் பதிலை வாசிப்பவரே மோசடிக்காரராக இருக்கலாம். மாற்றங்களை ஏற்கும் கடைசி நாளுக்குப் பிறகு வந்த கோரிக்கை அடுத்த மாதத்துக்குப் போக வேண்டும். அவசரம் காட்டும் கோரிக்கைக்குத்தான் இந்த விதியைச் சற்றும் தளர்த்தக் கூடாது. உரிமையாளரின் பெயரில் வரும் அவசர அஞ்சலுக்கும் அப்படியே.

6. வேலை நேரமும் ஓவர்டைமும்

மணிக்கணக்கில் சம்பளம் தரும் இடங்களில் பணம் அதிகம் கசிவது இங்கேதான். சக பணியாளருக்காக வருகைப் பதிவு செய்வது, பத்து நிமிடத்தை அரை மணியாக எழுதுவது, நடக்காத ஓவர்டைமை மேற்பார்வையாளரோடு பேசிவைத்துச் சேர்ப்பது என்று இதற்குப் பல வடிவங்கள் உண்டு.

வருகைத் தாளில் மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட பிறகு அது மறுபடி பணியாளரின் கைக்குப் போகக் கூடாது. நேராகச் சம்பளம் போடுபவரிடம் போக வேண்டும். கையெழுத்துக்குப் பின் ‘1’ என்ற எண்ணை ‘11’ ஆக்க ஒரு கோடு போதும். மொத்த மணி நேரத்தை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்வது பழைய முறைதான் என்றாலும் இன்றும் பயன் தருகிறது.

விரல்ரேகைக் கருவி வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அக்கருவி ஒருவருக்காக மற்றவர் பதிவு செய்வதைத் தடுக்கும். பதிவான நேரத்தைப் பிறகு கணினியில் திருத்துவதைத் தடுக்காது. ‘கருவி வேலை செய்யவில்லை’ என்ற காரணத்தோடு கையால் சேர்க்கப்பட்ட பதிவுகளின் பட்டியலை ஒவ்வொரு மாதமும் தனியாகக் கேளுங்கள். அதே பெயர்கள், அதே மேற்பார்வையாளர் என்று திரும்பத் திரும்ப வந்தால் விசாரிக்க வேண்டும்.

ஓவர்டைமுக்கு ஒப்புதல் வேலைக்கு முன்பே வாங்கப்பட வேண்டும், காரணத்தோடு. வேலை முடிந்து ஒரு வாரம் கழித்துக் கேட்டால், அன்று அந்த வேலை இருந்ததா என்று யாருக்கும் நினைவிருக்காது. சந்தேகம் வந்தால் ஓவர்டைம் நேரத்தை அன்றைய உற்பத்தி அளவோடும் கதவு பூட்டிய நேரத்தோடும் ஒப்பிடலாம். முன் ஒப்புதல் இல்லாவிட்டாலும் உண்மையில் செய்த வேலைக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். ஆகவே மீறலுக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாமே தவிர, கூலியை வெட்டக் கூடாது. மேற்பார்வையாளரின் சொந்த நேரத்தை அவருக்கு மேலே உள்ளவர்தான் ஒப்ப வேண்டும்.

7. சென்ற மாதத்திலிருந்து இந்த மாதத்துக்கு வருதல்

மாதத்துக்கு ஒரு சரிபார்ப்புக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதையே செய்யுங்கள். சென்ற மாத மொத்தச் சம்பளத்தில் தொடங்கி, புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூட்டி, விலகியவர்களைக் கழித்து, விகித மாற்றங்களையும் ஓவர்டைம் வேறுபாட்டையும் சேர்த்தால் இந்த மாத மொத்தம் வர வேண்டும். இந்தக் கணக்கை உரிமையாளர் படிவங்களிலிருந்து போட வேண்டும். கணக்காளர் தயாரித்த பட்டியலிலிருந்து அதை எடுத்தால் பட்டியல் தன்னையே சரிபார்த்துக்கொண்டதாகத்தான் ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டு. சென்ற மாத மொத்தம் 8,40,000. புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர், 25,000. விலகியவர் ஒருவர், 22,000. ஒரு சம்பள உயர்வு, 3,000. ஓவர்டைம் சென்ற மாதத்தைவிட 6,500 அதிகம். கணக்குப்படி இந்த மாதம் 8,52,500 வர வேண்டும். பட்டியலில் 8,74,500 இருக்கிறது. வேறுபாடு 22,000, விலகியவரின் சம்பளம் அப்படியே. அவர் இன்னும் பட்டியலில் இருக்கிறார்.

இது வெறும் மறதியாகவும் இருக்கலாம். ஆனால் வேறுபாடு எப்போதும் இவ்வளவு தெளிவாக வெளிப்படாது. விலகியவரை வைத்துக்கொண்டு, அதே அளவுக்குப் பலரின் ஓவர்டைமைக் குறைத்துக் காட்டினால் மொத்தம் பொருந்திவிடும். அதனால் தொகையோடு தலைக்கணக்கையும் இதே முறையில் கொண்டுவர வேண்டும்: சென்ற மாதம் எத்தனை பேர், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் போனார்கள், இந்த மாதம் எத்தனை பேர். தொகையும் தலைக்கணக்கும் ஒன்றாகப் பொருந்தினால்தான் அடுத்த படிக்குப் போகலாம்.

சிறிய வேறுபாடுகளை ‘ரவுண்டிங்’ என்று விட்டுவிடும் பழக்கம் தொற்றிக்கொள்ளும். சில்லறை அளவுக்கு அது உண்மைதான். அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் காரணம் எழுத்தில் இருக்கட்டும்.

8. வங்கிக்குப் போகும் கோப்பு

ஒப்புதல் பெற்ற பட்டியலுக்கும் வங்கியில் ஏற்றப்படும் கோப்புக்கும் நடுவே ஓர் இடைவெளி உள்ளது. அதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. பல மென்பொருள்கள் தரும் கோப்பு சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து ஒரு கணக்கு எண்ணை மாற்றிச் சேமித்தாலும் மொத்தத் தொகை மாறாது. ஒப்புதல் தருபவர் வங்கித் திரையில் மொத்தத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும்.

இதற்குக் கணக்கியலில் ஹேஷ் டோட்டல் என்ற எளிய வழி உண்டு. ஒப்புதல் பெற்ற பட்டியலில் எல்லாக் கணக்கு எண்களின் கடைசி நான்கு இலக்கங்களையும் கூட்டி ஒரு தொகையை எழுதிவைக்க வேண்டும். அந்தக் கூட்டுத்தொகைக்கு வேறு பொருள் எதுவும் இல்லை. வங்கியில் ஏற்றிய கோப்பிலிருந்தும் அதேபோல் கூட்டினால் அதே எண் வர வேண்டும். ஓர் எண் மாறியிருந்தாலும் கூட்டல் ஏறக்குறைய எப்போதும் மாறிவிடும். இருவரின் கணக்குகளை ஒன்றுக்கொன்று இடம் மாற்றினால் மட்டும் இது காட்டாது. அப்போது குறைந்த சம்பளம் பெற்றவர் அன்று மாலையே கேள்வி கேட்டு வந்துவிடுவார்.

ரொக்கமாகச் சம்பளம் தரும் இடத்தில் பட்டியலைத் தயாரித்தவர் உறையைக் கொடுக்கக் கூடாது. வேறொருவர், அடையாளம் பார்த்து, கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். யாரும் வாங்காமல் மீதமான உறைகள் பட்டியல் போட்டவரிடம் திரும்பப் போகாமல் உரிமையாளரிடம் போகட்டும். வாங்க ஆள் வராத உறையே பெரும்பாலும் முதல் தடயம்.

9. பணம் போன பிறகு

வங்கி அறிக்கையை உரிமையாளர் தம் பயனர்பெயரில் நுழைந்து பார்க்க வேண்டும். சம்பள நாளில் போன மொத்தத்தோடு நிறுத்தாமல், மாதத்தின் மற்ற நாள்களில் பணியாளர் கணக்குகளுக்குப் போன தொகைகளையும் தேட வேண்டும். ‘முன்பணம்’, ‘நிலுவை’, ‘திருத்தம்’ என்ற பெயரில் பட்டியலுக்கு வெளியே போகும் தொகை சரிபார்ப்பையே தொடாமல் கடந்துவிடும்.

முன்பணப் பதிவேட்டில் ஒவ்வொருவரின் பாக்கியும் மாதாமாதம் குறைகிறதா என்று பாருங்கள். கொடுத்ததற்குப் படிவம் இருக்கும். பிடிக்காமல் விட்டதற்கு எதுவும் இருக்காது. சம்பளம் போடுபவரின் சொந்த முன்பணத்தை முதலில் பார்ப்பதில் தவறில்லை.

பிடித்தம் செய்த வரியும் சமூகப் பாதுகாப்புத் தொகையும் அரசுக்குச் செலுத்தப்பட்டதற்கான ரசீதை அரசுத் தளத்திலிருந்து நேரடியாக எடுங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் திருப்பிவிடுவது நீண்ட காலம் வெளியே தெரியாத மோசடி. பணியாளருக்குக் கைக்கு வரும் தொகை மாறாததால் அவரும் கேட்க மாட்டார். தெரியவரும்போது பாக்கியும் தண்டத்தொகையும் பெரும்பாலான நாடுகளில் நிறுவனத்தின் தலையில்தான் விழும்.

ஒவ்வொருவருக்கும் சம்பளச் சீட்டு அவரவர் கைக்கே, மணி நேரம், விகிதம், பிடித்தம், முன்பணப் பாக்கி ஆகிய விவரங்களோடு போகட்டும். தம் சீட்டைத் தாமே படிக்கும் முப்பது பேர், உரிமையாளர் கண்ணில் படாததையும் கண்டுபிடிப்பார்கள்.

10. விடுப்பும் தகவல் சொல்லும் வழியும்

சம்பளம் போடுபவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது சம்பள நாளை உள்ளடக்கிய தொடர் விடுப்பில் செல்ல வேண்டும். அந்த மாதப் பட்டியலை வேறொருவர் முழுமையாகப் போட வேண்டும். மறைத்துவைத்த ஏற்பாடு எதுவாக இருந்தாலும் அதை மாதாமாதம் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். விடுப்பே எடுக்காமல், காய்ச்சலிலும் சம்பளம் போட வருபவரின் கடமையுணர்வைப் பாராட்டலாம், ஆனால் அவருக்கும் விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும். மாற்று ஆளுக்கு அவருடைய கடவுச்சொல்லைக் கொடுக்காமல் தனிப் பயனர்பெயரைக் கொடுங்கள்.

சான்று பெற்ற மோசடி ஆய்வாளர்களின் சங்கமான ஏசிஎஃப்இ 2024இல் வெளியிட்ட உலகளாவிய அறிக்கையில், ஆராயப்பட்ட எல்லா வகைப் பணியிட மோசடிகளிலும் 43 விழுக்காடு யாரோ ஒருவர் கொடுத்த தகவலால் வெளிப்பட்டவை. அத்தகவல்களில் பாதிக்கும் மேற்பட்டவை பணியாளர்களிடமிருந்து வந்தவை. ஆகவே பணியாளர் யாரிடம், எப்படிச் சொல்லலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிறு நிறுவனத்தில் புகார்ப் பெட்டி வைத்தால் அதில் தாள் போடுபவரை எல்லோரும் பார்ப்பார்கள். உரிமையாளரின் நேரடித் தொலைபேசி எண்ணோ, வெளியில் உள்ள தணிக்கையாளரின் முகவரியோ அதைவிட நல்லது.

11. சந்தேகம் எழுந்தால் முதல் இரண்டு நாள்கள்

கோபத்தில் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவதே இந்தக் கட்டத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. கேள்வி கேட்ட அன்று இரவே கோப்புகள் அழியலாம். முதலில் மாற்றப் பதிவையும் வங்கி அறிக்கைகளையும், ஏற்றப்பட்ட வங்கிக் கோப்புகளையும், மாற்றப் படிவங்களின் மூலங்களையும் நகலெடுத்து வெளியே பாதுகாப்பாக வையுங்கள். மூலக் கோப்பில் நீங்களே எதையும் திருத்தவோ குறித்துவைக்கவோ வேண்டாம்.

அடுத்து, வங்கியிலும் மென்பொருளிலும் உரியவரின் அணுகலை ஒரே நேரத்தில் நிறுத்துங்கள். ஒன்றை இன்றும் மற்றொன்றை நாளையும் நிறுத்தினால் எச்சரிக்கை கொடுத்ததாக ஆகும். கணக்கு எண் திசைதிருப்பப்பட்டிருந்தால் வங்கிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பணத்தைத் தடுத்துவைக்கும் வாய்ப்பு மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும்.

தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசிய பிறகே உரியவரிடம் பேச வேண்டும். இழப்பை அவருடைய கடைசிச் சம்பளத்திலிருந்து நீங்களே பிடித்துக்கொள்வது பல நாடுகளில் சட்டவிரோதம். மற்ற பணியாளர்களிடம் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவதும் வழக்கில் போய் முடியலாம். நிறுவனத்துக்குப் பணியாளர் நேர்மையின்மைக்கான காப்பீடு இருந்தால், இழப்பு தெரிந்த நாளிலிருந்து எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று பாலிசியில் பாருங்கள். அந்தக் கெடு தவறினால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

இவற்றுக்கு நடுவே அந்த மாதச் சம்பளம் மற்ற எல்லோருக்கும் குறித்த நாளில் போக வேண்டும். நிறுத்தப்பட்டவர் ஒருவரே அந்த வேலையை அறிந்தவர் என்றால், சென்ற மாதத்தின் ஒப்புதல் பெற்ற பட்டியலை அடிப்படையாக வைத்து, ஓவர்டைமைத் தவிர்த்து நிலையான சம்பளத்தை மட்டும் முதலில் கொடுத்துவிட்டு, மீதியைச் சில நாள்களில் தருவதாக எழுத்தில் அறிவிக்கலாம். உங்கள் நாட்டுச் சட்டம் அந்தத் தாமதத்தை அனுமதிக்கிறதா என்பதை மட்டும் அதற்கு முன் அதே வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிக் கொடுப்பதற்கு முன், அந்தப் பழைய பட்டியலில் உள்ள ஒவ்வொரு வங்கிக் கணக்கு எண்ணையும் நியமனக் கோப்போடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.